எதிரணிக்கும் ஒரு கொப்பி

எங்கள் கல்லூரியின் மல்யுத்த அணி ஐந்துக்கு இரண்டு என்று தோற்ற அன்று, வென்ற அணியின் கோச் நேரே என்னிடம் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

நான் மல்யுத்தக்காரன் அல்ல. ஹரோவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லூரியில் விளையாட்டுக் கட்டடத்துக்குக் கெயார்டேக்கர். கதவு திறப்பது, மெத்தை விரிப்பது, ஹீட்டர் போடுவது, கழிவறையில் பேப்பர் வைப்பது என் வேலை.

"இருவது வருசமா அணியோடை ஒவ்வொரு கல்லூரியாப் போறன். இப்பிடி ஒரு உபசரிப்பை எங்கையும் நான் காணேல்லை" என்றார் அவர். (பேசியது இங்கிலீசுதான். வெள்ளைக்காரர் பேசியதையும் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.)

அவருடைய மேற்சட்டைப் பையில் நான் தட்டச்சுச் செய்த தாள் நாலாக மடித்துச் செருகியிருந்தது. உபசரிப்பு என்றது தேத்தண்ணியையும் பிஸ்கற்றையும் என்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது. எங்கள் கோச் ரொன் வந்து சத்தம் போடும் வரைக்கும்.

1. ரொன் தந்த வேலை

ரொன் பகலில் பிளம்பிங் படிப்பிப்பார், பின்னேரத்தில் மல்யுத்தம் பழக்குவார். பெரிய உருவம், சின்னக் கோபம், அடிக்கடி. நான் ஹவுன்ஸ்லோவில் இருந்து விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் நின்றபோது இங்கிலீசுத் தட்டச்சுப் பழகியிருந்தேன். என் அறையில் ஒரு பழைய தட்டச்சு மெஷினும் சும்மா கிடந்தது. இந்த இரண்டையும் ரொன் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார்.

"லிங்கம், இனி பிரிவியூ நீதான் எழுத வேணும். எனக்கு ஸ்பெலிங் வராது."

மல்யுத்தத்தில் டூவல் மீட் என்பது, இரண்டு கல்லூரிகள் எடைக்கு எடை ஆளை நிறுத்தி மோதுவது. எங்களிடம் ஏழு எடைக்கு ஏழு பிள்ளைகள். நாலு சோடியில் வென்ற பக்கம் மீட்டை வெல்லும். மீட்டுக்குச் சில நாள் முன்னதாக, அதை அறிமுகப்படுத்தும் பிரிவியூத் தாள் வெளிவரவேண்டும். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு எடை பார்ப்பது, எங்கள் பக்கத்தில் யார் யார், ஒவ்வொருவரையும் பற்றி இரண்டு வரி. அடியில் ஸ்டேஷனில் இருந்து வரும் பாதையும் வாகனம் நிறுத்தும் இடமும். வழக்கப்படி ஒரு கொப்பி வாசல் பலகைக்கு, ஒன்று கன்டீனுக்கு, ஒன்று பிரின்சிப்பலுக்கு. பாதை தெரியவேண்டும் என்பதற்காக எதிரணிக்கும் ஒரு கொப்பி தபாலில் போகும்.

"பிள்ளையளைப் பற்றி என்ன எழுதுறது?" என்று கேட்டேன்.

"தெரிஞ்ச உண்மையை எழுது. சுருக்கமா எழுது" என்றார் ரொன். பிறகு பைப் வெட்டப் போய்விட்டார்.

அந்த வருடம் சும்மா வருடம் அல்ல. பிரின்சிப்பல் மிஸஸ் பிரைஸ் மல்யுத்த அறையைக் கொம்பியூட்டர் அறையாக மாற்ற நினைத்திருந்தார். ரொன் போய்க் கெஞ்சியதில், "உங்களுக்கு இந்த டேர்மில் மூன்று மீட் இருக்கிறது. இரண்டை வென்றால் அறை உங்களுக்கு. இல்லாவிட்டால் மெத்தையைச் சுருட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார். வேறு அறையும் இல்லை. அறை போனால் அணியும் போய்விடும். பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும்.

2. நான் எழுதிய உண்மை

வெள்ளிக்கிழமைகளில் நான் கோவிலுக்குப் போவேன். அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது பெயர், நட்சத்திரம், பிறகு ஆளுக்கு என்ன வருத்தம் என்று ஐயரிடம் சொல்லுவேன். சுகமாக இருக்கிறவனைப் பற்றி ஏன் சொல்லவேண்டும்? ஒருவருக்கு நன்மை வேண்டிப் பெயர் கொடுப்பதென்றால் எனக்குத் தெரிந்த முறை அதுதான். பிரிவியூவையும் அப்படியே எழுதினேன்.

"68 கிலோ: டெரன்ஸ். அணித் தலைவர். பணிவான பிள்ளை. இடது முழங்காலில் நோவு. இரண்டு நிமிடத்துக்குப் பிறகு நொண்டுவார். எல்லோரும் இவருக்காகப் பிரார்த்திக்கவும்.

82 கிலோ: கெவின். தகப்பனுக்கு வேலை போய்விட்டது. சரியான நித்திரை இல்லை. சீக்கிரம் களைத்துவிடுவார்.

100 கிலோ: மைக்கேல். நல்ல பலசாலி. பின்னால் இருந்து பிடித்தால் மட்டும் பயப்படுவார்."

இப்படி ஏழு பேருக்கும். வருகிறவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாததால், "இவர்களும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்று நம்புகிறோம். வருக" என்று முடித்தேன். ரொன் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். முத்திரை ஒட்டித் தபாலில் போட்டது நான்தான்.

வந்த பிள்ளைகள் உண்மையில் நல்ல பிள்ளைகள்தான். படித்த பிள்ளைகளும்கூட. டெரன்ஸோடு மோதியவன் ஒரே இடது காலைத்தான் தேடினான். கெவினோடு மோதியவன் அவசரப்படாமல் சுற்றிச் சுற்றி ஓடி, களைக்க விட்டுப் பிடித்தான். மைக்கேலோடு மோதியவன் விசில் ஊதியதும் பின்பக்கம்தான் போனான்.

எல்லோரும் போன பிறகு ரொன் வாசல் பலகைக்கு முன்னால் நின்று முதன்முறையாக அந்தத் தாளை வாசித்தார். வாசிக்க வாசிக்கக் கழுத்து சிவந்தது.

"லிங்கம், இதை அவங்களுக்கு அனுப்பினியா?"

"ஓம். வழக்கப்படி."

"முழங்காலையுமா?"

"பாதையும் அதிலைதானே இருக்கு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைத் தமிழில் எழுத முடியாது. அந்த இரைச்சலைக் கேட்டு கன்டீனில் இருந்து அன்ரன் ஓடிவந்தான். மன்னார்ப் பிள்ளை, வேதக்காரன், அதாவது கத்தோலிக்கன், கன்டீன் சமையல் அவன் பொறுப்பு. தாளை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணை, எங்கட சுவாமியார்கூட ஆக்கள் வந்து சொல்லுற பாவசங்கீர்த்தனத்தை வெளியிலை சொல்லமாட்டார். நீங்கள் தட்டச்சடிச்சு முத்திரையும் ஒட்டிப் போட்டியளே!"

டெரன்ஸ் வாங்குப் பலகையில் ஐஸ் பையை முழங்காலில் வைத்தபடி இருந்தான். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, அங்கிள். எங்கட அம்மாவும் சர்ச்சிலை இப்படித்தான் எல்லாருக்கும் சொல்லுவா" என்றான். அவன் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

3. விரதத்தில் வந்த மீட்

மிச்சம் இரண்டு மீட். இரண்டையும் வெல்லவேண்டும். ரொன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"இந்தமுறை வலது முழங்கால் எண்டு எழுது."

"அது பொய், ரொன்."

"தெரியும். அதுக்குத்தான் எழுதச் சொல்லுறன்."

"கந்தசஷ்டி விரதம் துவங்கியிட்டுது. பொய் எழுத ஏலாது."

"எப்ப முடியும்?"

"சனிக்கிழமை."

"மீட் வெள்ளிக்கிழமை!" என்று தலையில் கை வைத்தார். பிறகு சந்தேகம் வந்தவர்போல, "சனிக்கிழமைக்குப் பிறகெண்டால் நீ பொய் எழுதுவியா?" என்று கேட்டார். நான் மேசையில் கிடந்த பேப்பரை அடுக்கினேன். இன்றைக்கு வரையும் அந்தக் கேள்வி எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

முழங்கால் கதையே எழுதாமல் விடுகிறேன் என்றேன். அதுவும் சரிவராது என்றார் ரொன். கோச்மார் ஒருவரோடு ஒருவர் போனில் பேசுகிற ஆட்கள். என் தாளின் புகழ் மற்றக் கல்லூரிகளுக்கும் போய்விட்டது. திடீரென்று வெறும் தாள் போனால், பழைய கதையெல்லாம் உண்மை என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும்.

நாங்கள் இரண்டு பேரும் முழித்துக்கொண்டு இருக்கும்போது டெரன்ஸ் வந்தான். விசயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அங்கிள், அதே தாளையே அனுப்புங்கோ. ஒரு எழுத்தும் மாத்தாதேங்கோ. ஒரு மனிசன் இந்த விசர் வேலையை ரெண்டுதரம் செய்வான் எண்டு யார் நம்புவினம்?"

ரொன் என் மேசையில் ஓங்கி அடித்துச் சிரித்தார். முழங்கால் அவனுடையது, அனுமதியும் அவன் தந்தான். நான் தட்டச்சு மெஷினில் பேப்பரைச் செருகினேன்.

அன்று வீட்டில் பாலும் பழமும் எடுத்துவிட்டு மனைவி சறோவிடம் கேட்டேன். "ஒருத்தரும் நம்பக்கூடாது எண்டு நினைச்சு உண்மையை எழுதினால், அது உண்மையோ பொய்யோ?"

"இஞ்சாருங்கோ, எழுதினது நடந்த விசயம்தானே?"

"ஓம்."

"அப்ப ஏன் முகத்தை இப்பிடி வைச்சுக்கொண்டு இருக்கிறியள்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்த அணி டெரன்ஸின் வலது காலை விடாமல் இழுத்தது. அந்தக் கால் மரத்தூண் மாதிரி நின்றது. மைக்கேலின் பின்பக்கம் ஒருவனும் போகவில்லை. நாலுக்கு மூன்று என்று வென்றோம். ரொன் என்னைத் தூக்கிச் சுற்றினார். ஐந்து நாள் விரதக்காரனுக்கு அது கொஞ்சம் தலை சுற்றும் வேலை. கட்டடம் முழுக்கச் சந்தோசம். முருகன் இதை எந்தக் கணக்கில் வைத்திருப்பார் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

4. போனில் ஒரு கேள்வி

மூன்றாவது மீட்டுக்கு நாலு நாள் முன்னம் என் அறைப் போன் அடித்தது. வரப்போகிற அணியின் கோச்; அவர்களுக்கும் அதே தாளைத்தான் அனுப்பியிருந்தேன். மெதுவான குரல்.

"மிஸ்டர் லிங்கம், உங்கட தாள் கிடைச்சுது. உண்மையோ, விளையாட்டோ எண்டு எங்களுக்கு விளங்கேல்லை. நீங்கள் கடவுளுக்குப் பயந்த ஆள் எண்டு சொல்லுகினம். நானும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போறவன். கும்பிடுற ஆளை கும்பிடுற ஆள் கேக்கிறன். எந்தக் கால்?"

"இடது" என்றேன்.

"நன்றி. கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்று போனை வைத்தார்.

"சொல்லமாட்டேன்" என்றும் ஒரு பதில் இருக்கிறது என்பது, ரிசீவரை நான் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மூன்றுக்கு நாலு என்று தோற்றோம். நாங்கள் தோற்ற அந்த நாலில் ஒன்று டெரன்ஸினுடையது. இரண்டு நிமிடத்துக்குப் பிறகு, நான் எழுதியபடியே. அவன் நொண்டிக்கொண்டு மெத்தையை விட்டு இறங்கியபோது நான் போய்த் தோள் கொடுத்தேன். அந்த டேர்ம் முழுக்க அவன் முழங்காலைப் பற்றி மூன்று கல்லூரிகளுக்கு எழுதியிருக்கிறேன். எங்கள் கல்லூரி நர்ஸ் மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தார். அவருக்கு ஒரு வரி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றுதான் அவனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். "ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?" என்று அவர் கேட்டார். அடுத்த கிழமையே முழங்கால் டாக்டரிடம் அனுப்பினார்.

போன் விசயத்தை ரொன்னிடம் நானே சொன்னேன். அவர் ஏசவில்லை. "மெத்தையைச் சுருட்டு, லிங்கம்" என்று மட்டும் சொன்னார்.

5. அறையைப் பற்றிய பிரிவியூ

திங்கட்கிழமை மிஸஸ் பிரைஸ் கூப்பிட்டார்.

"கொம்பியூட்டர் வரமுந்தி அந்த அறையின்ரை நிலைமையைப் பற்றி ஒரு தாள் எழுதித் தாங்கோ. உங்களுக்குத்தானே அது நல்லாத் தெரியும்."

நான் வந்து மெஷினுக்கு முன்னால் இருந்தேன். மனதில் ஒரு திட்டமும் இல்லை. இருந்தது என்று இன்றைக்குச் சொன்னால் என்னைக் கெட்டிக்காரன் என்பீர்கள், அதனால் சொல்லவில்லை. கேட்டார், எழுதினேன்.

"வடக்குச் சுவர்: ஈரம். குளிர்காலத்தில் பூஞ்சணம்.

கூரையில் போகும் குழாய்: பதினொரு வருடமாக ஒழுகுகிறது.

சன்னல் பக்கம்: மழை பெய்தால் மூன்று வாளி வேண்டும்.

மின்சாரப் பிளக்: இரண்டு. அதில் ஒன்றை நான் தொடுவதில்லை."

"பிரார்த்திக்கவும்" என்று போடக் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தநாள் அவர் தானே அறைக்கு வந்தார். அன்று நல்ல மழை. வாளிகளையும் சுவரையும் பார்த்தார். "இதையெல்லாம் ஏன் ஒருத்தரும் என்னட்டைச் சொல்லேல்லை?" என்றார்.

"ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை, மேடம்."

கொம்பியூட்டர்கள் நூலகத்துக்கு மேல் மாடிக்குப் போயின. இந்த அறையைத் திருத்திச் சரிக்கட்டுவது பெரிய வேலை, பிறகு பார்ப்போம் என்றார்கள். நனைந்து பழுதாகப் பொருள் ஒன்றும் இல்லாததால் மல்யுத்தக்காரர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். இரண்டு மீட்டில் தோற்ற அணிக்கு அறை கிடைத்தது. அன்ரன் கன்டீனில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "லிங்கம் அண்ணை முதல்முறையாச் சரியான விலாசத்துக்கு எழுதியிருக்கிறார்."

பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் இத்தனை வருட வேலையில் நான் படித்தது அந்த ஒன்றுதான். உண்மையை எழுதினால் போதும் என்று இருந்துவிட்டேன். யாருடைய கையில் அது போய்ச் சேருகிறது என்று பார்ப்பதும் என் வேலைதான். ஒருவருடைய நோவை அதைத் தீர்க்கக்கூடியவருக்கு எழுதுங்கள். அதைப் பிடித்து இழுக்கக் காத்திருப்பவருக்குப் பாதையை மட்டும் எழுதுங்கள்.

அந்த வருடத்துக்குப் பிறகு என் பிரிவியூக்களில் பெயரும் எடையும் தேத்தண்ணி நேரமும்தான் இருந்தன. ரொன் பிளம்பிங் வாத்தியார். தன் தலைக்கு மேல் ஒழுகிய குழாயை நான் எழுத்தில் போட்டது அவருக்குக் கொஞ்சம் அவமானம்தான். "நாளைக்கே திருத்துறன் பார்" என்று ஏணியோடு வந்தார். மேலே ஏறி, ஸ்பனரைக் குழாயில் வைத்தார். பிறகு யோசித்தார். அப்படியே இறங்கி ஏணியை மடித்தார்.

"இதைத் திருத்தினால் கொம்பியூட்டர் வந்திடும், லிங்கம்."

நான் ஓய்வு பெறும் வரைக்கும் மழைக்கு மழை வாளி வைத்தேன்.