கிழவரின் உதட்டு நிறம்

வத்தேகம பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் கலாராணி செய்யும் வேலை, செத்தவர்களைச் சிவப்பாக்குவது. வீட்டார் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து, "கொஞ்சம் தெம்பா இருக்கிற மாதிரி செஞ்சு குடுங்க" என்பார்கள். அவளும் கம்ப்யூட்டரில் கன்னத்துக்கும் உதட்டுக்கும் ரத்தம் ஏற்றி, சட்டம் போட்டுக் கொடுத்துவிடுவாள். வருஷக்கணக்கில் இந்தப் பொய்யைச் செய்தவளுக்கு, ஒரு முகத்தை உள்ளபடி வரைய ஆசை வந்ததில் என்ன ஆச்சரியம்?

சொல்லித்தர ஆளில்லை. பழைய காலத்து ஐரோப்பிய ஓவியர் ஒருவர் வரைந்த கிழவரின் படம் கலண்டர் ஒன்றில் கிடைத்தது. ஞாயிறுதோறும் அதையே பார்த்து எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தாள். மூக்கு வந்தால் கண் வராது. கண் வந்தால் கிழவர் பக்கத்து வீட்டு ரத்தினம்மாவைப் போல முறைப்பார். அவளைப் பாடாய்ப்படுத்தியது உதடுதான். எந்தச் சிவப்பை வைத்தாலும் ஒட்டாமல் நின்றது. கடைசியில் சிவப்போடு நீலமும் சாம்பலும் சேர்த்துக் குழைத்து, சாயம் குழைக்கிற கத்தி நுனியில் எடுத்துக் கலண்டர் கிழவரின் உதட்டருகே பிடித்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. அன்றிலிருந்து எந்த நிறத்தையும் அப்படிப் பிடித்துப் பார்க்காமல் அவள் பூசுவதில்லை.

அடுத்ததாகப் புருஷன் வீரய்யாவைக் கதிரையில் உட்கார வைத்தாள். கண்டி பஸ் ஓட்டுகிற மனுஷன், சும்மா இருக்கத் தெரியாதவர். எட்டிப் பார்த்த ரத்தினம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"இது வேணாம் புள்ள. நம்ம வீட்டுச் சுவத்துல தொங்குறதெல்லாம் யாரு? போய்ச் சேந்தவங்கதானே."

"மாலைய மட்டும் மல்லிகையில போடுங்க அக்கா" என்று வீரய்யா சிரித்தார்.

கலாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் வீட்டுப் படியில் மூச்சு வாங்கப் பாதியிலேயே நின்றுவிடுகிறார். கேட்டால் வாய்வு என்பார், இஞ்சி பிளேன்டீ கேட்பார். அவளும் ஊற்றிக் கொடுப்பாள்.

நெற்றி வந்தது, கன்னம் வந்தது. உதட்டுக்கு நல்ல சிவப்பாகக் குழைத்து அவர் வாயருகே பிடித்தாள். ஸ்டூடியோவில் செத்தவர்களுக்குப் பூசுகிற பொய்ச் சிவப்பு மாதிரி இருந்தது. கொஞ்சம் நீலம் சேர்த்தாள். போதவில்லை. சாம்பலும் சேர்த்தாள். கை தானாகப் போய் நின்றது கலண்டர் கிழவரின் உதட்டு நிறத்தில்தான்.

"என்ன, அந்தக் கிழவன்ட உதட்ட எனக்கு ஒட்டப் போறியா?"

"பேசாம இருங்க."

கத்தியை மறுபடியும் பிடித்தாள். கத்தியில் இருந்த நிறம் எது, அவருடைய உதடு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை நாளும் இந்த வாயைப் பார்த்துத்தானே பிளேன்டீ நீட்டினாள்!

"எழும்புங்க. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"பெயின்டப் பாத்துக்கிட்டா? பைத்தியமா ஒனக்கு? நாளைக்கு எனக்கு மொத பஸ்."

அவள் கண்ணாடியை எடுத்து வந்து அவர் முன்னால் பிடித்தாள். பக்கத்தில் கத்தியையும் பிடித்தாள். வீரய்யா கத்தியைப் பார்த்தார், வாயைப் பார்த்தார்.

சட்டையை எடுத்து ஒரு கையை மாட்டினார். மற்றக் கையை மாட்டுவதற்குள் மூச்சு இரைத்தது. மறுபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பட்டன நீயே போட்டு விடு புள்ள" என்றார்.