மாம்பூவுக்குக் கட்டும் காப்பு

மார்கழி அமாவாசையில் மாந்தோப்புக்குக் காப்புக் கயிறு கட்டி, மந்திரத்தால் மழையை நிறுத்துவது என் வேலை. மழை பட்டால் பூ கருகிவிடும்.

இன்று முதலமடை போகும் பஸ்ஸில் தோப்புக்காரி வள்ளியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, போன வருசம் நீங்க கட்டுன மூணாம் நாளே மழை பேஞ்சு பூவெல்லாம் போச்சுங்களே?"

"அதுக்கு முந்தி நாப்பது வருசத்துல மார்கழியில ரெண்டே தரந்தான் தூறுச்சு அம்மணி. ரெண்டுக்கும் மண்ணு நனையல."

"இந்தத் தரமும் போச்சுன்னா தோப்ப வித்துப்போடோணுங்க."

போனில் வானிலையைக் காட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எண்ணிப் பார்த்தால், அமாவாசை வரைக்கும் நாளுக்கொரு மழைமேகப் படம் இருந்தது.

"அமாவாசைக்கும் மழைன்னுதான் காட்டுது. என்னைக்குங்க கட்டறீங்க?"

நான் ஒரு ஸ்டாப் முன்பே இறங்கிவிட்டேன்.

மழை இப்போது எந்த மாதத்தில் நிற்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது மார்கழி ஒன்றுதான்.