அண்ணனுக்கு நான் கொடுத்த மச்சம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. "அழ வைக்கிறேன்னு வசனமெல்லாம் வேணாம் தம்பி, நடந்ததை எழுதுங்க" என்றார். வீரமரணம் என்ற சொல்லும் அண்ணன் இறந்துபோன நாட்டின் பெயரும் வரக்கூடாது என்பது அவருடைய உத்தரவு.

அண்ணன் தொட்டியத்தில் பிறந்தவர். வாழைத்தார் வெட்டும் கூலியாக இருந்த அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் சேர்ந்து பரோட்டா மாஸ்டர் ஆனார். அவர் வீசிய மாவில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். ஏழு பாடத்தில் அரியர் வைத்ததும் அதே மாவில்தான். ஒரு நாளும் அவர் திட்டியதில்லை.

கே.கே. நகரில் சொந்தமாக ஓட்டல் வைக்க ஆசைப்பட்டார். வெளிநாட்டு ராணுவ முகாமில் சமையல் வேலை, சண்டை எங்கேயோ தூரத்தில் என்றான் ஏஜெண்ட். ஒப்பந்தம் அந்த நாட்டு எழுத்தில் இருந்தது. வீட்டில் நான்தான் படித்தவன் என்பதால் அதை என்னிடம் நீட்டினார்கள். ஓர் எழுத்தும் புரியவில்லை. முத்திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குண்ணே" என்றேன்.

அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் அண்ணன் போனில் பேசினார். "கரண்டி பிடிக்க வந்தவன்கிட்ட துப்பாக்கியக் குடுத்துட்டாங்கடா. யாரு யாரோட எதுக்குச் சண்டை போடுறாங்கன்னே தெரியல." அதுதான் கடைசி.

பிறகு அந்த ராணுவத்தில் விசாரித்தால், அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். அப்புறம் காணவில்லை என்றார்கள். கடைசியில், ஓர் உடல் இருக்கிறது, ஆனால் இடது கழுத்தில் மச்சம் இல்லை, ஆகவே இவர் அவரல்ல என்று கடிதம் வந்தது.

அந்த மச்சம் என்னுடையது. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு இரண்டு அங்க அடையாளங்கள் கேட்டிருந்தார்கள். அண்ணனுக்கு முழங்காலில் ஒரு தழும்புதான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று படிவத்தை நிரப்பிய நான், என் மச்சத்தை அவருக்கு எழுதிவிட்டேன். அது சான்றிதழில் ஏறி, ஏஜெண்டின் காகிதங்களில் ஏறி, அண்ணனை ஐந்து மாதம் குளிர்பெட்டியில் போட்டது.

அண்ணியும் நானும் சென்னைக்குப் போனோம். அரசு அலுவலகத்தில் சட்டைக் காலரை இறக்கி, "சார், அந்த மச்சம் இதுதான் சார்" என்று காட்டினேன். அதிகாரி சிரிக்கவில்லை. என் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பலாம் என்றவர், "அது நமக்கு நட்பு நாடுங்க. அழுத்திக் கேட்க முடியாது" என்றார்.

அண்ணி கேட்டார்: "அவங்க கூப்பிட்டா நம்ம ஆளு போகணும். நாம கூப்பிட்டா பொணம்கூட வராதா சார்? இது என்ன நட்புங்க?"

தொட்டியத்தில் மாமா, அந்தப் போரால் உரம் விலை ஏறிவிட்டது என்று புலம்புகிறார். ஆளையும் கொடுத்தோம், உரத்துக்கும் கூடுதலாகக் கொடுக்கிறோம். இரண்டு பக்கத் தலைவர்களும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தொலைக்காட்சியில் நாட்டு மானம் பற்றிப் பேசுகிறார்கள்.

ரத்தம் பொருந்தியது. திருச்சி விமான நிலையத்துக்கு, திறக்கக் கூடாது என்று எழுதிய பெட்டி வந்தது. ஓயாமாரி சுடுகாட்டில் தகனம் செய்து, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் அஸ்தியைக் காவிரியில் கரைத்தோம்.

பெட்டியைச் சுமந்த ஓட்டல் நண்பர்களுக்கும், பதினாறு நாளும் வீட்டுக்குச் சோறு அனுப்பிய முதலாளி அவர்களுக்கும், சென்னையில் எங்களுக்காகக் கடிதங்கள் தட்டச்சு செய்து தந்த அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. போரை நடத்துகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.

போன மாதம் அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒருவர் பதக்கத்தோடு வந்தார். அண்ணி அவருக்குக் காபி கொடுத்தார்.

"எங்க வீட்டுக்காரரு ஒருத்தரையும் சுடவே இல்லன்னு எழுதிக் குடுங்க. வாங்கிக்கிறேன்."

அப்படி எழுதித் தரத் தனக்கு அதிகாரமில்லை என்றார் அவர். பதக்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் யாரையாவது சுட்டாரா, எங்களுக்கும் தெரியாது. சுட வைத்தவர்களை நாங்கள் மன்னிப்பதாக இல்லை.