அண்ணன் கப்பலை நிறுத்தும் விதம்

அண்ணன் ஹாரன் அடித்தால் சூரியனே ஓரமாக ஒதுங்கி நிற்கும். வியாழனைச் சுற்றி ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் இந்தப் பிரபஞ்சத்தில் அவன்தான். லைசென்ஸ் கேட்க வரும் வேற்றுக்கிரகவாசிகூட டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஓட்டிக்கொண்டிருந்தவன். போன மழைக்காலத்தில் அவன் இறக்கிய பெட்டி காற்றில் ஆடி, கீழே நின்ற கூட்டாளியின் காலை நசுக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் கிரேன் ஏணியில் கால் வைக்கவில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார்.

வீட்டில் இரண்டு விண்வெளி கேம்கள். என்னுடையது செல்போனில். தொட்டால் கிரகம், தோண்டலாம், வீடு கட்டலாம், போரடித்தால் அடுத்ததற்குத் தாவலாம். கோடிக் கிரகம் உண்டு, எதிலும் முழங்கால் ஆழம்தான். எனக்கு அது போதும். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று நாளாயிற்று.

அண்ணனுடையதில் சரக்கு ஏற்றிக் கிளம்பினால் போய்ச் சேர்வதற்குள் சோறு வெந்துவிடும். எரிபொருள் பார்க்க வேண்டும், அனுமதி கேட்க வேண்டும், சுழலும் விண்வெளி நிலையத்தோடு கப்பலையும் சுழற்றி வாசலுக்குள் கையாலேயே நுழைக்க வேண்டும்.

"பஸ்ஸுக்குக் காத்திருக்கறதுக்கு ஒரு கேமா?" என்பேன்.

"உன்னுது கேமே இல்லடி, பஞ்சுமிட்டாய்" என்பான்.

ஆனால் வாசல் நெருங்கியதும் அவன் கை நடுங்கும். கப்பல் இடித்துச் சிதறும். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கேம்லயே இப்படின்னா..." என்று மீதியை விழுங்கிவிடுவாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவன் குளிக்கப் போன நேரத்தில், கப்பலைத் தானாகவே உள்ளே கொண்டுபோய் நிறுத்தும் கருவி ஒன்றை அவன் கப்பலில் மாட்டிவைத்தேன். அன்று வெண்ணெயில் கத்தி போல நுழைந்தது. அண்ணி சிரித்தேவிட்டாள்.

சனிக்கிழமை அவன் மேஸ்திரிக்குப் போன் போட்டு, "வர்றேன்" என்றான். கருவியைப் பற்றிச் சொன்னால் மறுபடி சுருண்டுவிடுவான். சொல்லாவிட்டால், கிரேனில் அந்தக் கருவி கிடையாது. கீழே இன்னொருவனுடைய கால் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வேலைச்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

"அண்ணா, உன் கப்பல்ல..."

"ஒரு கருவி மாட்டியிருக்கு. அதானே?"

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றேன்.

"கையை எடுத்து மூக்கைச் சொறிஞ்சேன். அதுபாட்டுக்கு உள்ள போயிடுச்சு. இந்தக் குரங்குச் சேட்டை உன்னை விட்டா யாருக்கு வரும்?"

"அப்புறம் எதை நம்பிப் போறேன்னு சொன்ன?"

"அன்னைக்கே கழட்டிட்டேன். நீ போன்ல தோண்டிக்கிட்டு இருந்தப்ப எத்தனை தடவை இடிச்சேன் தெரியுமா? நேத்துதான் இடிக்காம போச்சு." கையை நீட்டினான். இன்னும் லேசாக நடுங்கியது. "காத்து அடிச்சா நிறுத்திடுவேன். கீழ ஆள் விலகுற வரைக்கும் பெட்டி தொங்கட்டும். எவன் கத்தினாலும் சரி."

"போ, போகாம இரு. எனக்கென்ன வந்துச்சு?"

அவன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"ஒண்ணும் வரலேன்னா, என் வேலை ஷூவை எதுக்குடி உன் துணிமூட்டைக்குள்ள ஒளிச்சு வச்ச?"