பதினேழு ஒன்றுகளும் நானும்

கணக்கு டியூஷன் என்பது, சரியான விடைக்கு யாரும் நன்றி சொல்லாத, தப்பான விடையை யாரும் மறக்காத தொழில். இதில் கிடந்து அல்லாடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செல்வம் கேட்ட கேள்வி

11 ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதினாலும் பகா எண்தான் என்று படித்திருந்தேன். அப்படியானால் பதினேழு ஒன்றுகள்? கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடும். கையாலேயே பார்த்துவிட வேண்டும் என்று எனக்கொரு வீம்பு. பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும்; அவற்றிலும் 34ஆல் வகுத்தால் மீதி ஒன்று வருபவை மட்டும் போதும் என்ற சலுகை உண்டு. மலைமேல் செண்பகனூர் வீட்டில், பிள்ளைகள் வருமுன் தினமும் மூன்று வகுத்தல் போடுவேன்.

மகளைக் கூட்டிப்போக வந்த டாக்ஸிக்கார செல்வம் ஒருநாள் நோட்டை எட்டிப் பார்த்தார். "இது எதால டீச்சர் வகுபடும்?" என்றார். எதாலயும் வகுபடாதுன்னு நம்புறேன் என்றேன்.

"அப்ப எதுக்குங்க வகுத்துக்கிட்டே கெடக்கீங்க?"

கழுத்து வலி

ஒன்பது வருஷத்தில் இருபது லட்சம் வரை வந்தேன். முறைப்படி அந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது பத்துக் கோடிக்கு மேலே போக வேண்டும். அதற்கு இன்னும் பல ஜென்மம் எடுக்கணும். கழுத்து திரும்பவில்லை, விரல் மரத்துப்போனது. டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். வகுத்தல் என்றேன்.

"பென்சில இன்னியோட கீழ வைங்கம்மா, ஒண்ணும் குடிமுழுகிப் போகாது."

வைத்துவிட்டேன். இத்தனை தூரம் வராதது இனியா வரப்போகிறது என்று, கரும்பலகையில் அந்தப் பதினேழு ஒன்றுகளை எழுதி, பக்கத்தில் 'பகா எண்' என்றும் எழுதினேன். பிள்ளைகள் நோட்டில் இறக்கிக்கொண்டார்கள்.

திண்டுக்கல்

மாரீஸ்வரி பாச்சலூர்ப் பெண், ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ படித்தபடி என்னிடம் டியூஷனுக்கு வந்தாள். கணக்குப் போட்டியில் ஜெயித்துவிட்டால், மேலே படிக்கவைக்க அப்பா சம்மதிப்பதாகச் சொல்லியிருந்தார். திண்டுக்கல்லில் நடந்த இறுதிச் சுற்றில் அவளும் இன்னொருவரும் சமமாக நின்றார்கள். பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட பகா எண் ஒன்று எழுதச் சொன்னார்கள். அவள் யோசிக்கவே இல்லை. பதினேழு ஒன்றுகளை எழுதினாள்.

நடுவர் லேப்டாப்பில் தட்டினார். 20,71,723 பெருக்கல் 5,36,32,22,357 என்று திரையில் வந்தது. பின்வரிசையில் இருந்த நான் அந்த முதல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது லட்சத்தில் நிறுத்தியவள், இன்னும் முந்நூறு வகுத்தல் போட்டிருந்தால் அதைத் தொட்டிருப்பேன். மூன்றரை மாச வேலை.

திரும்பும் வழியில், வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது, தப்பு என்னுடையது, அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ரெண்டு நிமிசம் சோலிதான் டீச்சர், போன்லயே பாத்திருக்கலாம், நீங்க எழுதிப் போட்டதாச்சேன்னு விட்டுட்டேன்."

ஆக, இத்தனை வருஷ வகுத்தலில் மீதியே இல்லாமல் முடிந்த ஒன்றே ஒன்றை, போட்டது நானில்லை.