உயிர் ஆபத்தில் தண்ணீர் ஊற்றியவள்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங் வேலையும் உண்டு. போன தை மாதம் எங்கள் சர்ச் ஃபாதர் கடைக்கு வந்தார். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் தொட்டாலே உதிர்கின்றன, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், கம்ப்யூட்டரில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். எல்லாம் லத்தீன். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும், எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஒப்புக்கொண்டதற்கு எனக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் இந்த மலைக்கு முதலில் வந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுடைய தாத்தாவின் அப்பா ஒரு எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்தார். அவர் பெயர் தெரியும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் எங்களுக்கு எல்லாமே காடு.

மூன்றாம் நாள் அந்த மேஸ்திரி கிடைத்தார், பிறந்து சில நாளே ஆன குழந்தையாக. தகப்பன் கட்டத்தில் ‘இறந்தவன்’ என்று ஒரே சொல். தாயின் பெயர் இருந்தது. கூடவே, கீழிருந்து வந்தவள் என்று ஒரு குறிப்பு. காபித் தோட்டம் போடுவதற்குக் காடு வெட்டிக்கொண்டிருந்த காலம். புருஷனை இழந்தவள், வயிற்றில் பிள்ளையோடு மலை ஏறியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அந்தத் தாயின் பெயர் வேறொரு இடத்தில் வரத் தொடங்கியது. சில குழந்தைகளுக்கு நேரே ‘உயிர் ஆபத்தில், வீட்டிலேயே’ என்றும், அதையடுத்து ‘தண்ணீர் ஊற்றியவள்’ என்றும் எழுதி, அவள் பெயரைப் போட்டிருந்தார்கள். ஃபாதரிடம் கேட்டேன்.

“பிள்ளை பொழைக்காதுன்னு தெரிஞ்சா சர்ச் சாமியார் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுங்கம்மா. பக்கத்துல இருக்கறவங்களே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பெரும்பாலும் மருத்துவச்சிதான் ஊத்துவாங்க.”

“இது எங்க குடும்பத்து அம்மாவா இருக்குமுங்களா ஃபாதர்?”

“அந்தப் பேருல அப்ப மலையில பாதிப் பொம்பளைங்க இருந்திருப்பாங்க. அவசரப்படாதீங்க.”

இரண்டு வாரம் அவசரப்படாமல் டைப் அடித்தேன். ஒரு மத்தியானம், அந்தப் பெயர்க்காரி தண்ணீர் ஊற்றிய இன்னொரு பிள்ளையின் வரி வந்தது. ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பனின் கட்டத்தில் எங்கள் மேஸ்திரியின் பெயர். அதன் பக்கத்தில் ‘தண்ணீர் ஊற்றியவளின் மகன்’. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஆதார் நகல் எடுக்க நின்றிருந்தவருக்கு முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அவர் திரும்பி வந்து கேட்ட பிறகுதான் என் தவறு தெரிந்தது. தண்ணீர் ஊற்றியவள் எங்கள் குடும்பத்து அம்மாவேதான்; மகன் வளர்ந்து ஆளாகி ஞானத்தகப்பனாக நிற்கும் வரைக்கும் அவள் அந்த வேலையை விடவில்லை.

இடங்களைப் பார்த்தபோது இன்னும் நம்ப முடியவில்லை. ஒரு நாள் கிளியூரில் ஒரு குழந்தை. மறுநாள் மாரமங்கலத்துப் பக்கத்தில் ஒரு குழந்தை. எனக்குத் தெரிந்து அது பஸ்ஸில் போகிற தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளியூரிலிருந்து நடக்கக் கிளம்பினேன். உச்சி வெயில் ஏறுவதற்குள் என் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ரோட்டோரத்தில் ஓர் அம்மா சாக்கில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன்.

“ஏனுங்க, பஸ் வருமுங்களே. எதுக்கு இப்படி நடந்து வர்றீங்க?” என்றபடி சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மிளகைத் துழாவுவதை நிறுத்திவிட்டார்.

“நொம்ப தூரமுங்க அது. அப்பல்லாம் ரோடு ஏதுங்க? காட்டுமாடு நிக்கற புதருக்குள்ளதான் போயிருக்கோணும்” என்றார். “என்ற மருமகளுக்கு மழையில வலி எடுத்து, ஜீப்புல கூட்டிட்டுப் போறதுக்குள்ளயே எங்களுக்கு உசுரு போயிருச்சுங்க. அந்தம்மா நடந்தேவா போனாங்க?”

“நடந்துதானுங்க போயிருப்பாங்க.”

சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். மீதி வழிக்கு நான் பஸ் ஏறினேன்.

அடித்துக்கொண்டே போகும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. அவள் தண்ணீர் ஊற்றிய குழந்தைகள் தேதி வரிசையில் இல்லை. மூன்று, நான்கு பேர் சேர்ந்து, ஒரே மையில் வந்தார்கள். அந்த வரிகளின் கடைசியில் ஒரு சின்னச் சிலுவைக் கீறல்.

“சாமியார் எப்பவாவதுதான் மலை ஏறியிருப்பார். அந்தம்மா சொல்லச் சொல்ல எழுதியிருக்கார்” என்றார் ஃபாதர். “கீறல்தான் கையெழுத்து. அவங்களுக்கு எழுதத் தெரியாதுங்களே.”

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எந்தப் பிள்ளை, யார் பெற்றது, எந்த எஸ்டேட், எந்த நாள் என்று எல்லாவற்றையும் சாமியார் வரும் வரை மனதிலேயே சுமந்திருக்கிறாள். ஒரு மணி நேரம்கூட உயிரோடு இல்லாத பிள்ளைக்கும் பெயர் இருந்தது. அவள் மறந்திருந்தால் அந்தப் பிள்ளை பிறந்ததே உலகத்துக்குத் தெரிந்திருக்காது. இத்தனை நாளாக நான் டைப் அடித்தது சாமியாரின் எழுத்தை இல்லை, அவள் பேசியதை.

இறப்புப் பதிவேட்டின் போட்டோக்களையும் ஃபாதரிடம் வாங்கி, அவள் இறந்த பதிவைத் தேடினேன். அந்தப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. போட்டோவில் ஓட்டைகள்தான் தெரிந்தன.

ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரங்களில் பிற்பாடு யாரோ பொடி எழுத்தில் சேர்த்த குறிப்புகள் இருந்தன. அவற்றை அடிக்க வேண்டாம் என்று ஃபாதர் முதலிலேயே சொல்லியிருந்ததால் நான் கவனிக்கவில்லை. இப்போது அவள் பெயர் உள்ள பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரும்பாலும் ‘இறந்தது’ என்றுதான் இருந்தது. ஆனால் ஒன்பது பெயர்களுக்கு நேரே, இன்னாரை மணந்தான், இன்னாரை மணந்தாள் என்று இருந்தது. பிழைக்காது என்று அவள் தண்ணீர் ஊற்றிய ஒன்பது பேர் வளர்ந்து கல்யாணம் செய்திருக்கிறார்கள். கடையில் யாரும் இல்லை. அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்தேன்.

ஃபாதருக்குப் போன் செய்து, ஓரத்துக் குறிப்புகளையும் அடித்துவிடுகிறேன் என்றேன்.

“அது கூடுதல் வேலையாச்சேங்கம்மா.”

“பரவாயில்லீங்க ஃபாதர்” என்று சொல்லிவிட்டு, முதல் பக்கத்தைத் திறந்தேன்.