அடையாள அட்டையில் உள்ளபடி

ஸ்டானிஸ்லாஸ் இதுவரை தட்டச்சு செய்த முகவரிகளில் பாதிக்கு இப்போது ஊரே கிடையாது.

குற்ற வழக்குகளுக்கான காகித வேலைகளைப் பார்க்கும், மலேசியாவின் ஈப்போ நகர அலுவலகம் ஒன்றில் அவர் கிராணி, அதாவது குமாஸ்தா. இருபத்தாறு வருஷமாகச் சாட்சிகளுக்கு அழைப்பாணை தயாரிப்பது அவர் மேசைதான். பெயர், தேதி, முகவரி எல்லாம் அடித்துக் கொடுத்தால், போலீஸ்காரர் கொண்டுபோய்ச் சாட்சியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவார். முகவரி, அடையாள அட்டையில் உள்ளபடி. விதி அவ்வளவுதான்.

ஆனால் நம் ஆட்கள் அட்டையில் முகவரியை எங்கே மாற்றுகிறார்கள்? தோட்டத்தை விற்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்து, ரப்பர் நின்ற இடத்தில் மாடி வீடுகள் வந்த பிறகும் அட்டை மட்டும் 'மூன்றாம் டிவிஷன்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஸ்டானிஸ்லாஸ் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவருக்குத் தெரியாதா? மாதா கோயிலில் விசாரிப்பார், புந்தோங் முடிவெட்டும் கடையில் விசாரிப்பார். ஆள் இப்போது இருக்கும் இடத்தைப் பென்சிலால் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டில் எழுதி அழைப்பாணையோடு செருகிவிடுவார். யாரும் செய்யச் சொன்னதில்லை. ஸ்டானிஸ் துண்டு இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று மலாய்க்கார சார்ஜன் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

அந்த அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர் அவர் ஒருவரே. அதனால்தான் பாப்பாவும் அவரிடம் வந்தார்.

பாப்பாவின் ஒரே மகன் சுகுமாரன், இருபத்து நாலு வயது, சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் நடந்த தகராறில் குத்துப்பட்டுச் செத்துப்போனான். பாப்பா புந்தோங்கில் கச்சாங், அதாவது வறுத்த கடலை, பொட்டலம் கட்டும் வேலை பார்ப்பவர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்.

"கேஸு ஓடுதா அண்ணே?"

"ஓடுதுக்கா."

"ஓடுது ஓடுதுன்றீங்க, எங்கதான் ஓடுது? எனக்குத்தான் முட்டி தேயுது." பொட்டலத்தைத் தள்ளுவார்.

"இதெல்லாம் வேணாங்க்கா. லஞ்சம்னு என்னய புடிச்சி உள்ள போட்டுருவாங்க."

"கச்சாங்குக்கா? போடட்டும் லா. அங்கயும் ஒரு பொட்டலம் கொண்டாந்து ஒங்கள பாக்குறேன்."

குத்தியவனைப் போலீஸ் பிடித்துவிட்டது; ஆனால் குத்தியதைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒருவன். சாமான் இறக்க வந்த வேன்காரன் மாயாண்டி. அன்றைக்கே போலீசில் வாக்குமூலமும் கொடுத்திருந்தான். ஸ்டானிஸ்லாசும் அவனும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். மாயாண்டியின் அட்டையிலும் அந்தத் தோட்டம்தான். கொடுத்திருந்த கைப்பேசி எண்ணையும் அவன் மாற்றிவிட்டிருந்தான்.

விசாரணைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஸ்டானிஸ்லாஸ் மத்தியானம் சாப்பிடும் கடைக்கு மாயாண்டி வந்து எதிரே உட்கார்ந்தான்.

"மச்சான், அந்த மஞ்சத் துண்டு இருக்கே, அத எனக்கு மட்டும் எழுதாத."

"என்னாடா பேசுற? பாத்தவன் நீ ஒருத்தன்தான்."

"நான் பாத்தேன். அவனுங்களும் என்னய பாத்தானுங்களே. வேன் நிறுத்துற எடத்துல ரெண்டு பேரு வந்து நிக்கிறானுங்க. ஒண்ணும் பேசல மச்சான், சும்மா நிக்கிறானுங்க. வீட்ல மக இருக்கா, பேரப்புள்ளைங்க ரெண்டு." குரலைத் தாழ்த்தினான். "பொய்யா சொல்லச் சொல்றேன்? ஐசியில என்னா இருக்கோ அத அடிச்சிட்டுப் போ."

ஸ்டானிஸ்லாஸ் அதைத்தான் செய்தார். ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தார். சார்ஜன் போனார், புது வீடுகளைச் சுற்றிவிட்டு 'அப்படி ஓர் இடம் இல்லை' என்று எழுதித் திரும்பினார். துண்டு எங்கே என்று கேட்டார். ஆள் அகப்படவில்லை என்றார் ஸ்டானிஸ்லாஸ். வேலையில் அவர் சொன்ன முதல் பொய் அது. அடுத்த தேதிக்கும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை நீதிபதி தவணை தர மறுத்து, குற்றம் சாட்டப்பட்டவனை வெளியே விட்டார். சாட்சி கிடைத்தால் வழக்கை மறுபடி திறக்கலாம் என்ற ஒரு வரி மட்டும் கோப்பில் மிச்சம்.

அதைப் பாப்பாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியவரும் அவரே.

பாப்பா அழவில்லை. பொட்டலத்தின் ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அவருக்கே ஆறுதல் சொல்வதுபோல், "நீங்க என்னா பண்ணுவீங்க அண்ணே. ஒங்களால ஆன மட்டும் தேடியிருப்பீங்க" என்றார்.

அதற்குமேல் ஸ்டானிஸ்லாசால் முடியவில்லை.

"தேடலக்கா. அவன் வீடு எனக்குத் தெரியும்."

"எப்பருந்து?"

"மொதல்லேருந்தே."

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். பாப்பா அவரையே பார்த்தார்.

"அவனுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒரு மக. பேரப்புள்ளைங்க ரெண்டு. பயந்துட்டான்க்கா."

"எனக்கு ஒண்ணுதான் அண்ணே இருந்துச்சு."

பொட்டலத்தைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே ஸ்டானிஸ்லாஸ் மஞ்சள் துண்டை எழுதினார், இந்தத் தடவை பேனாவால். மேலதிகாரி முன்னால் வைத்து, தெரிந்தே மறைத்ததையும் சொன்னார். விளக்கக் கடிதம் கேட்டார்கள். பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது இது தேவையா என்று வீட்டில் மனைவி குழந்தையம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். சார்ஜன் துண்டோடு கிளம்பிப் போனார். மாயாண்டி வீட்டுக் கேட்டில் சங்கிலி. வேன் இல்லை. மகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜொகூர் பக்கம் போய்விட்டதாக அண்டை வீட்டார் சொன்னார்கள். எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. இப்போது உண்மையாகவே ஆள் அகப்படவில்லை.

அடுத்த முதல் திங்கட்கிழமையும் பாப்பா வந்தார். ஸ்டானிஸ்லாசின் கௌண்டர் காலியாகத்தான் இருந்தது. பாப்பா பக்கத்து வரிசையில் ஐந்து பேருக்குப் பின்னால் போய் நின்றார். முறை வந்ததும், அங்கே இருந்த நூருல் என்ற மலாய்ப் பெண்ணிடம், சந்தையில் பழகிய அரைகுறை மலாயில், சுகுமாரன் கேஸு, கேஸு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நூருலுக்கு விளங்கவில்லை. உதவிக்காக ஸ்டானிஸ்லாசைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் எழுந்துவிட்டார்.

"தாக் ஆப்பா, டிக்," என்றார் பாப்பா அவளிடம், பரவாயில்லம்மா என்று. இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.